உடைப்பும் அடைப்பும்

காவிரிப் படுகையின் வேளாண்மை உடைப்பை எதிர்பார்த்தே அமைந்த வேளாண்மை ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெண்ணாற்றுக் கரையிலோ கொள்ளிடக் கரையிலோ எங்கேனும் ஓரிடத்தில் மண் நெகிழ்ந்து நீர் பீறிடுவதும், ஊரார் திரண்டு மூங்கில் கழிகளை நட்டு, தென்னங்கீற்றைச் செருகி, மணல் மூட்டைகளை அடுக்கி அதை அடைப்பதும் அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்து வருவன. 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கட்டிய மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 2018 ஆகஸ்ட் 22 அன்று ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டபோதும் நடந்தது அதுவே: பாறாங்கற்களும் மணல் மூட்டைகளும் கொண்டு தற்காலிகத் தடுப்பு எழுப்பப்பட்டது, பின்னர் அதனருகிலேயே புதிய கதவணை கட்டப்பட்டது. கல்லணை ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாகப் பணியில் இருக்கிறது என்றால், அது ஒருபோதும் பழுதடையவில்லை என்று பொருளில்லை. ஒவ்வொரு தலைமுறையும் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்து மராமத்து செய்ய முடிந்தது என்பதே பொருள்.

மின்சாரம் எங்கிருந்து வர வேண்டும் என்ற விவாதத்தில் யூனிட்டுக்கு என்ன விலை, டன்னுக்கு எவ்வளவு கரியமில வாயு என்ற கணக்குகள் பேசப்படும் அளவுக்கு, உடைந்தால் அடைக்க எவ்வளவு காலம் ஆகும் என்ற கணக்கு பேசப்படுவதில்லை. நெல்லை நம்பி வாழும் ஒரு நாட்டுக்கு இந்தக் கணக்கே முதன்மையானது. அணுமின்சாரம் தோற்பதும் இங்கேதான்.

அணு உலை அடிப்படையில் ஒரு கொதிகலன். தஞ்சை வட்டார அரிசி ஆலையில் உமியை எரித்து நீராவி எழுப்பி நெல்லை அவிப்பது போலவே, அணுமின் நிலையத்திலும் வெப்பம் நீரை ஆவியாக்குகிறது. அந்த ஆவி சுழலியைச் சுற்ற, சுழலி மின்னாக்கியைச் சுற்றுகிறது. வெப்பம் வரும் வழிதான் வேறு. யுரேனியம்-235 என்னும் அணுவின் கருவை நியூட்ரான் என்ற மின்னூட்டமற்ற துகள் தாக்கும்போது அக்கரு இரண்டாகப் பிளந்து, வெப்பத்தோடு மேலும் இரண்டு மூன்று நியூட்ரான்களை வெளியிடுகிறது. அவை அடுத்த கருக்களைப் பிளக்க, வினை சங்கிலியாகத் தொடர்கிறது. இதற்கான எரிபொருள் சுண்டுவிரல் நுனியளவே உள்ள கறுத்த வில்லைகளாக வார்க்கப்பட்டு, நீண்ட உலோகக் குழல்களில் அடுக்கப்படுகிறது. கூடங்குளத்தின் ஒவ்வோர் உலையும் 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்கி, அதில் 1,000 மெகாவாட்டை மட்டுமே மின்சாரமாக மாற்றுகிறது. மீதி 2,000 மெகாவாட் வெப்பம் கடலுக்குப் போகிறது.

உமிக் கொதிகலனுக்கும் உலைக்கும் உள்ள உண்மையான வேறுபாடு நிறுத்தும்போது தெரிகிறது. உமி போடுவதை நிறுத்தினால் அடுப்பு அணைந்துவிடும். உலையிலோ சங்கிலி வினையை நொடிகளில் நிறுத்திவிட்ட பிறகும் வெப்பம் வந்துகொண்டே இருக்கும். கருக்கள் பிளந்ததால் உண்டான சீசியம், அயோடின், ஸ்ட்ரான்சியம் போன்ற பொருள்கள் நிலையற்றவை. அவை தாமாகவே சிதைந்து வெப்பத்தை வெளியிடுகின்றன. இதற்குச் சிதைவு வெப்பம் என்று பெயர். நிறுத்திய கணத்தில் அது முழு வெப்பத்தில் ஆறேழு விழுக்காடு, அதாவது கூடங்குளம் அளவுள்ள உலையில் சுமார் 200 மெகாவாட். மேட்டூர் அணையின் சுரங்க மின் நிலையம் முழுத்திறனில் ஓடும்போது தரும் ஆற்றலுக்கு இது நிகர். ஒரு நாள் கழித்தும் 15 மெகாவாட் அளவில் அது நீடிக்கும். ஆகவே நிறுத்திய உலைக்கும் நீர் வேண்டும்; நீரைச் செலுத்தப் பெரும்பாலான உலைகளில் மின்சாரமும் வேண்டும்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுக்குஷிமா டாய்ச்சி நிலையத்தில் அந்த மின்சாரம்தான் போயிற்று. நிலநடுக்கத்தில் வெளியிணைப்பு அறுந்தது, கடற்கோள் டீசல் மின்னாக்கிகளை மூழ்கடித்தது, மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. கதிர்வீச்சால் உடனடியாக இறந்தவர் எவருமில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு விட்டு வெளியேற வேண்டியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். உருகி இறுகிக் கிடக்கும் எரிபொருள் கழிவு சுமார் 880 டன் என்று கணிக்கப்பட்டுள்ளது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், நீண்டு சுருங்கும் கருவிகொண்டு முதன்முதலாக வெளியே எடுக்கப்பட்டது ஒரு கிராமுக்கும் குறைவு. மணல் மூட்டையோடு கரைக்கு ஓடிப் பழகிய மக்கள் இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

ஃபுக்குஷிமா ஒரு நெல் நாடு என்பது தமிழில் போதிய அளவு எழுதப்படவில்லை. வெளியேறிய பொருள்களில் நீண்ட நாள் தொல்லை தருவது சீசியம்-137. அதன் அரை ஆயுள், அதாவது இருக்கும் அளவில் பாதி சிதைந்து போக ஆகும் காலம், 30 ஆண்டுகள். வேதியியலில் சீசியம் பொட்டாசியத்தின் உறவினம். நெற்பயிரின் வேர் பொட்டாசியத்தைத் தேடும்போது மண்ணில் அது குறைவாக இருந்தால், அதே வாயில் வழியாகச் சீசியத்தை உள்ளே விட்டுவிடும். களிமண்ணின் சில வகைகளோ ஏடு ஏடாக அடுக்கப்பட்டவை. அந்த ஏடுகளின் விளிம்பில் சீசியம் சிக்கிக்கொண்டால் எளிதில் விடுபடாது. இவ்விரண்டு காரணங்களால் ஒரே ஊரில் அடுத்தடுத்த வயல்களில் விளைந்த நெல்லிலும் கதிரியக்க அளவு பெரிதும் வேறுபட்டது. 2011 நவம்பரில், ஃபுக்குஷிமா நகரின் ஓனாமி பகுதியில் விளைந்த அரிசியில், கிலோவுக்கு 500 பெக்கரல் என்று அப்போதிருந்த வரம்பை மீறிய அளவு கண்டறியப்பட்டது. ஒரு பெக்கரல் என்பது நொடிக்கு ஓர் அணு சிதைவதைக் குறிக்கும் அலகு. அவ்வூர் மக்கள் வெளியேற்றப்பட்ட வட்டத்துக்கு வெளியே இருந்தது.

அதன் பிறகு ஜப்பானிய உழவர்கள் செய்தது போற்றத்தக்க உழைப்பு. வயலுக்குப் பொட்டாஷ் உரத்தைக் கூடுதலாக இட்டார்கள்; மாசு மிகுந்த நிலங்களில் மேல்மண்ணைச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்தார்கள்; 2012 முதல் அந்த மாநிலத்தில் விளைந்த அரிசியை, ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி மூட்டைகள், ஒரு மூட்டையும் விடாமல் கதிரியக்க அளவுமானியின் கீழே அனுப்பிச் சோதித்தார்கள். சில ஆண்டுகளில் வரம்பை மீறிய மூட்டை எதுவும் இல்லை என்றாயிற்று. அந்த வெற்றியின் விலையைத்தான் தஞ்சை உழவர் எடைபோட வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் என்பது ஓர் ஏக்கருக்கு 200 கன மீட்டர் மண். அதுதான் காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டலின் உயிருள்ள அடுக்கு. ஃபுக்குஷிமாவில் இப்படிச் சேர்ந்த மண் சுமார் 1.4 கோடி கன மீட்டர் தனி வளாகத்தில் காத்துக் கிடக்கிறது; 2045-க்குள் அதை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிட்டதா என்ற ஒரே சோதனைக்காக நாட்கணக்கில் காத்திருக்கும் நாட்டில், ஒவ்வொரு 40 கிலோ சிப்பத்தையும் கதிரியக்கத்துக்காகச் சோதிப்பது என்பது கற்பனைக்கும் எட்டாதது.

காவிரிப் படுகையில் அணு உலை இல்லையே என்று கேட்கலாம். கல்பாக்கம் கொள்ளிடக் கழிமுகத்துக்கு வடக்கே சுமார் 140 கிலோமீட்டரிலும், கூடங்குளம் தெற்கே இன்னும் தொலைவிலும் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கல்பாக்கத்தின் நீரேற்று அறைக்குள் புகுந்தபோது உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. கூடங்குளத்தில் மின்சாரமின்றி வெறும் காற்றோட்டத்தால் சிதைவு வெப்பத்தை அகற்றும் ஏற்பாடும், உருகிய எரிபொருளைத் தாங்கும் தொட்டியும் உள்ளன. இவை மெய்யான பாதுகாப்புகள். ஆனால் கேள்வி இன்றைய உலைகளோடு நிற்கவில்லை. 2025 தொடக்கத்தில் 9,000 மெகாவாட்டுக்கும் குறைவாக இருந்த இந்தியாவின் அணுமின் திறனை 2047-க்குள் ஒரு லட்சம் மெகாவாட்டாக உயர்த்துவது என்ற இலக்கை 2025 பிப்ரவரி நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம் இத்துறையைத் தனியாருக்கும் திறந்துவிட்டது. இத்தனை உலைகளைக் கடற்கரையில் மட்டுமே வைத்துவிட முடியாது. உள்நாட்டில் வைத்தால் நீர் ஆற்றிலிருந்தோ கால்வாயிலிருந்தோதான் வர வேண்டும்.

இது வெறும் ஊகமில்லை. ஹரியானாவின் ஃபதேகாபாத் மாவட்டத்தில், கோரக்பூர் என்னும் சிற்றூரில், 700 மெகாவாட் உலைகள் நான்கிற்கு 2014 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதுவும் கால்வாய்ப் பாசன நிலம். நிலம் கொடுக்க மறுத்து உழவர்கள் நெடுநாள் போராடினார்கள். பக்ரா கால்வாயின் ஃபதேகாபாத் கிளையிலிருந்து அத்திட்டத்துக்கு நொடிக்கு 320 கன அடி நீர் ஒதுக்கப்பட்டது. இந்த எண்ணை மேட்டூரின் மொழிக்கு மாற்றினால் ஆண்டுக்குச் சுமார் 10 டி.எம்.சி. வரும், ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. ஒரு போக நெல்லுக்கு வயலில் மொத்தம் 120 சென்டிமீட்டர் உயர நீர் தேவை என்று கொண்டால், இது 60,000 ஏக்கர் அளவிலான ஒரு போகத்துக்குரிய நீர். ஒதுக்கிய நீரில் ஒரு பகுதி கால்வாய்க்குத் திரும்பலாம், ஆவியாகும் பகுதி திரும்பாது. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் காவிரி நீரில் தமிழகத்தின் பங்கை 192-இலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தபோது, அந்த 14.75 டி.எம்.சி.யின் இழப்பைக் கடைமடை எப்படி உணர்ந்தது என்பதை நினைத்தால் 10 டி.எம்.சி.யின் பொருள் விளங்கும்.

ஆற்றை நம்பிய உலை ஆறு வற்றும்போது தானும் தளர்கிறது என்பதை ஃபிரான்ஸ் கண்டது. 2003 கோடையிலும் 2022 கோடையிலும் ரோன், கரோன் ஆறுகளின் நீர் சூடேறியதால் அங்கே உலைகளின் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. காவிரி வறண்ட ஆண்டில் உழவருக்கு மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படும், ஏனெனில் அப்போதுதான் போர்வெல் மோட்டார்கள் இரவும் பகலும் ஓடுகின்றன.

இப்பகுதி மக்கள் மண்ணுக்குக் கீழே கிடக்கும் எரிபொருளை வேண்டாமென்று சொன்ன வரலாறு உடையவர்கள். மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிவந்த இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார், அந்தப் பிரசாரத்தின்போதே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. 2023-இல் ஒரத்தநாடு வட்டத்து வடசேரி உள்ளிட்ட நிலக்கரி வட்டாரங்கள் ஏலப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பில் அவை பத்தே நாட்களில் நீக்கப்பட்டன. தெற்கே இடிந்தகரையின் மீனவர்கள், மன்னார் வளைகுடாவில் கலக்கும் வெந்நீரையும் தங்கள் வாசலில் தேங்கப்போகும் கழிவையும் கேள்வி கேட்டு 2011 முதல் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலையை அனுமதித்தது. கழிவைப் பற்றிய கேள்வி அப்படியே இருக்கிறது. அக்கழிவில் உள்ள புளுட்டோனியம்-239-இன் அரை ஆயுள் 24,000 ஆண்டுகளுக்கு மேல். கல்லணையின் வயதைப்போல் பன்னிரண்டு மடங்கு காலம் கடந்த பிறகும் பாதி மிச்சமிருக்கும் அதன் அருகே எந்தத் தலைமுறையும் மராமத்துக்குப் போக முடியாது.

நிலக்கரியையும் மீத்தேனையும் மறுப்பவர்கள் அணுவையும் மறுத்தால் மின்சாரத்துக்கு எங்கே போவது என்ற வினா நியாயமானது. அணு உலை ஓடும்போது கரியமில வாயுவை உமிழ்வதில்லை. கடல்மட்டம் உயர்ந்தால் முதலில் உவர்ப்பேறப் போவது வேதாரண்யம், நாகப்பட்டினம் கரைதான் என்பதால், அந்த நன்மையைத் தட்டிக்கழிக்க இந்த மாவட்டங்களுக்கு உரிமையில்லை. ஆயினும் வெப்பமாதலைத் தடுப்பதில் காலமும் பணமும் முக்கியம். கூடங்குளத்துக்கு 1988 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2002-இல் கட்டுமானம் தொடங்கி, முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014-இன் கடைசி நாளில். 13,171 கோடி ரூபாய் என்ற மதிப்பீடு 17,000 கோடியைத் தாண்டியது. கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எட்டு மாதங்களில் எழுந்து 2016-இல் இயங்கத் தொடங்கியது. சூரிய ஒளி இரவில் இல்லை என்பதால் அந்த மெகாவாட்டும் இந்த மெகாவாட்டும் சமமில்லை: ஓர் அணு உலை ஆண்டில் தரும் 700 கோடி யூனிட்டுக்கு நான்கு மடங்குக்கும் மேலான திறனுள்ள சூரியத் தகடுகள் வேண்டும். அப்படிப் பெருக்கிய பிறகும் காலக் கணக்கில் சூரியனே முந்துகிறது. 2020-இல் குஜராத்தில் சூரிய மின்சாரம் யூனிட் 1.99 ரூபாய்க்கு ஏலம் போனது.

இனி நெல்லின் நாட்காட்டியைப் பார்க்கலாம். மேட்டூர் திறக்கும் மரபான நாள் ஜூன் 12. அதற்கு முன்பே, சித்திரை வைகாசியில், போர்வெல் நீரைக் கொண்டு குறுவை நாற்றங்கால் விடப்படுகிறது. அதுவே தமிழகத்தில் வெயில் உச்சத்தில் இருக்கும் காலம். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று எழுகிறது. குடகிலும் வயநாட்டிலும் மழையாகப் பொழிந்து காவிரியையும் கபினியையும் நிரப்பும் அதே காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளான பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே பாய்ந்து முப்பந்தல் உள்ளிட்ட இடங்களின் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. மேட்டூருக்கு நீரையும் மின்தொடருக்கு ஆற்றலையும் ஒரே பருவம் ஒரே மாதங்களில் கொடுக்கிறது. 2022 ஜூலை 9 அன்று தமிழகக் காற்றாலைகள் ஒரே நாளில் 12 கோடி யூனிட்டுக்கும் மேல் தந்தன. கூடங்குளத்தின் இரு உலைகளும் முழுத்திறனில் ஓடினால் ஒரு நாளில் கிடைப்பது 4.8 கோடி யூனிட். நவம்பரில் காற்று அடங்கிவிடும், வானமும் மூடிக்கொள்ளும். ஆனால் சம்பாவுக்கும் தாளடிக்கும் வானமே நீர் இறைக்கும் அம்மாதத்தில் பம்புசெட்டுக்குப் பெரிய வேலை இருப்பதில்லை. பருவம் பொய்த்த ஆண்டில் காற்றும் குறையலாம். அந்த ஆண்டில் மேகம் குறைந்து வெயில் கூடும்.

காற்றற்ற கார்த்திகை இரவில் சென்னைக்கு மின்சாரம் எப்படி என்ற சிக்கல் மிச்சமிருக்கிறது. அதற்குச் சேமிப்பு வேண்டும். மின்கலங்கள் ஒரு வழி. தமிழகம் ஏற்கெனவே அறிந்த இன்னொரு வழி, மின்சாரம் மிகுந்த நேரத்தில் கீழ் நீர்த்தேக்கத்திலிருந்து நீரை மேலே இறைத்து வைத்து, தட்டுப்பாடு வரும்போது திறந்துவிட்டு மின்னாக்கியைச் சுழற்றும் நீரேற்று மின் நிலையம். கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980-களிலிருந்து இதைச் செய்துவருகிறது. நீலகிரியில் குந்தா திட்டம் 500 மெகாவாட்டுக்குக் கட்டப்படுகிறது. இது போதாது, பல மடங்கு பெருக வேண்டும். உலைகளுக்குப் போகும் பணம் போக வேண்டிய இடம் இது.

நிலமும் கடினமான கேள்விதான். ஒரு மெகாவாட் சூரியத் தகட்டுக்கு நான்கைந்து ஏக்கர் பிடிக்கும் என்றால் நஞ்சையில் அதை விரிப்பது நெல்லுக்குச் செய்யும் துரோகம். தகடுகளுக்குரிய இடம் கூரை: நெல் சேமிப்புக் கிடங்கு, அரிசி ஆலை, பள்ளி, திருமண மண்டபம் ஆகியவற்றின் கூரைகள், அடுத்து, புதுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலம். 5 குதிரைத்திறன் மோட்டாருக்குத் தேவையான தகடுகள் ஒரு சென்ட் இடத்துக்குள் அடங்கிவிடும். தகடு ஒன்று உடைந்தால் அந்த ஒன்றைக் கழற்றிப் புதியதை மாட்டினால் போதும். இருபத்தைந்து ஆண்டு கழித்துக் கழிவாகும் கண்ணாடியையும் ஈயப் பற்றையும் மீட்டெடுக்கும் தொழில் இன்றே தொடங்கப்பட வேண்டும், ஆனால் அதுவும் கைக்கு எட்டும் வேலை. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. கூரைத் தகடுகள் இருந்திருந்தால் அவ்வூர்கள் தப்பியிருக்கும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. மின்தொடரோடு மட்டும் இணைத்த தகடு, பாதுகாப்பு கருதி, தொடர் அறுந்ததும் தானே அணைந்துவிடும். ஊராட்சியின் குடிநீர் மோட்டாருக்கேனும் மின்கலத்தோடு கூடிய தனி இணைப்பு தந்தால், அடுத்த புயலில் மேல்நிலைத் தொட்டி வறண்டு போகாது.

விவசாய மின்சாரம் கட்டணமின்றிக் கிடைத்தாலும் மும்முனை மின்சாரம் பல இடங்களில் முறை வைத்தே வருகிறது. அந்த முறை நள்ளிரவில் விழும்போது, உழவர் டார்ச் விளக்கோடு வரப்பில் நடந்து மோட்டார் கொட்டகைக்குப் போய் சுவிட்சைப் போடுகிறார். பாம்புக்கடியும் மின்கசிவும் இந்த நடையில்தான் பலரைக் கொன்றிருக்கின்றன. 2019-இல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டத்தில் தனித்தனி மோட்டாருக்குச் சூரியத் தகடு தருவதோடு, துணைமின் நிலையத்தின் அருகே ஓரிரு மெகாவாட் தகடுகளை நிறுவி, விவசாயத்துக்கென்று பிரிக்கப்பட்ட மின்பாதை முழுவதையும் பகலில் இயக்கும் பகுதியும் உண்டு. படுகைக்கு இரண்டாவதே பொருத்தம், ஏனெனில் தனி மோட்டாருக்கு அளவின்றிக் கிடைக்கும் இலவச வெயில் நிலத்தடி நீரை உறிஞ்சிக் கடலோரத்தில் உவர்நீரை உள்ளே இழுத்துவிடக் கூடும். மின்பாதைக்கோ காலை முதல் மாலை வரை என்று நேரம் வகுக்கலாம். பகல் பதினொரு மணிக்கு மோட்டார் ஓடினால், வாய்க்காலில் நண்டு வளை வழியே நீர் கசிவது கண்ணில் படும். ஒரு மண்வெட்டி மண் போட்டால் அடைபட்டுவிடும்.